குடியினின்று மீள்வோர் அவை

நாஞ்சில் நாட்டுத் திருப்பதிகளுள் சுசீந்திரம் தலைசிறந்தது. பழையாற்றங்கரையில் விளங்கும் தாணுமாலயப் பெருமானது கோபுரத்தையும், அதன் அருகிலுள்ள தெப்பக்குளத்தையும், கன்னியாகுமரிக்குச் செல்லும் வழிப்போக்கர் ஒருகணம் நோக்காது செல்வதில்லை. தேவேந்திரன் தன்மேல் வந்த பழி நீங்கித் தூய்மை எய்திய இடமாதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பது தலபுராணக் கொள்கை. தூய்மைக்குப் பேர்போன இவ்வூரில் முற்காலத்தே கைமுக்கு என்னும் கொடிய வழக்கம் ஒன்று இருந்தது. ஒழுக்கக்கேடு சாற்றப்பெற்ற நம்பூதிரிமார் இங்கு வந்து கொதிக்கும் நெய்யிற் கைவிட்டுத் தம் குற்றமின்மையை மெய்ப்பித்தல் வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேவாதாயின் தூயவன். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் இவ்வழக்கம் ஒழிந்தது.

நெய்க்கொப்பரை போய்விட்டது, எனினும் ஊரார் வாயென்னும் கொப்பரை இன்றும் கொதித்துக்கொண்டே இருக்கின்றது. குடிக்கு அடிமையான ஒருவன் அதினின்று மீள நினைப்பானாயின், முதலில் அக்கொப்பரைக்கே அஞ்சுகின்றான். 'நான் குடியன்' என்று தன் வாயால் ஒப்புக்கொண்டால் மகளுக்கு மாப்பிள்ளை வருமோ, கடையிற் கடன் கிடைக்குமோ, கோயிலிலும் சபையிலும் மதிப்புண்டாமோ என்று பலவாறு எண்ணி, வாய் திறவாமலே அழிகின்றான். ஒப்புக்கொள்ளுதலைத் தண்டனையாக அன்றி மருந்தாகக் கொண்ட அவை ஒன்று உலகில் உண்டு. அதனைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வாறு, அங்குச் சென்றால் நிகழ்வது யாது என்பனவற்றை நம் கல்லூரி நேயர்களுக்கு விளக்கவே யாம் இதனை எழுதலுற்றோம்.

இவ்வெண்ணம் எமக்கு உண்டாதற்குக் காரணமானவர் எம் இளமைத் தோழர் ஒருவர். அவர் சுசீந்திரத்துக்காரர். பெயர் கூறாமையே அவ்வவையின் முதல் ஒழுங்காதலின் யாமும் அவர் பெயரைக் கூறோம். நல்ல கல்வியும் உத்தியோகமும் உடைய அவர், நாற்பது வயதிற்குள் மனைவியின் நகைகளையும் தம் உடல்நலத்தையும் மதுவிற்குத் தோற்றார். மீட்சிக் கூட்டம் ஒன்று அண்மையில் நடைபெறுகின்றது என்று அறிந்தபின்னும் ஓராண்டுக் காலம் அவர் அங்குச் சென்றிலர். இருமுறை வாயில்வரை சென்று திரும்பினார். காரணம் வினவியபோது, 'வாயிலில் ஒரு சைக்கிள் நின்றது; அது எங்கள் தெருவில் உள்ள பெரியவர் ஒருவருடையது; அவர் கண்ணிற் பட்டால் என் மானம் போய்விடுமே' என்றார். மூன்றாம் முறை யாமும் உடன் சென்றோம். அச்சைக்கிள் அன்றும் அங்கே நின்றது. அதன் பின் நடந்ததனை உரிய இடத்திற் கூறுவோம்.

குடியடிமைத்தனம் ஒழுக்கக் குறை மாத்திரம் அன்று. அஃது ஒரு நோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ஆம் ஆண்டிலேயே இதனை நோயென ஏற்றுக்கொண்டது. மது நாள்தோறும் சேருமிடத்து மூளையும் நரம்புகளும் அதற்குப் பழகி, அஃதின்றி இயங்க மாட்டாத நிலையை எய்துகின்றன. 'மனவுறுதி இருந்தால் விடலாமே' என்று கூறுவோர் இதனை அறியாதார். நம் நாட்டில் இந்நோயின் அளவு சிறிதன்று. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்து, மத்திய அரசினர் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 10 முதல் 75 வயது வரையிலுள்ளாருள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர், அவருள் 5.7 கோடிப் பேர் அதனாற் கேடுற்றோ அதற்கு அடிமைப்பட்டோ உதவி வேண்டி நிற்கின்றனர். அடிமைப்பட்டாருள்ளும் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றதாகக் கூறுகின்றனர். எஞ்சிய 37 பேரைத் தடுப்பன பல. அவற்றுள் வெட்கம் தலையாயது என்பது எம் கருத்து.

கூட்டத்தைப்பற்றிக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை கூறுதல் எம் கடமை. பன்னாள் மிகுதியாகக் குடித்து வந்த ஒருவன் திடீரென நிறுத்துவானாயின், 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைந்நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை முதலியன தோன்றும். சிலருக்கு வலிப்பு உண்டாம். வேறு சிலருக்கு இரண்டு மூன்று நாள்களில் அறிவு மயங்கி, இல்லாத உருவங்கள் தோன்றும் பிதற்றல் நிலை வரும். இது சிகிச்சையின்றி விடப்படின் உயிருக்கே இறுதியாகலாம். ஆதலின், அத்தகையோர் முதலில் வைத்தியரை அடைதல் வேண்டும். மருத்துவமனை உடலை மதுவினின்று விடுவிக்கும். விடுபட்டவனை மீண்டும் வீழாமற் காப்பதே மீட்சிக் கூட்டத்தின் வேலை. ஒன்று மற்றொன்றிற்குப் பகையன்று.

இனி இக்கூட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க நாட்டில் பில் வில்சன் என்னும் பங்கு வியாபாரத் தரகர் ஒருவர் பலமுறை மருத்துவமனை புகுந்தும் குடியை விடமாட்டாது, 1934-ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை விட்டார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஆக்ரன் என்னும் நகருக்கு ஒரு காரியமாகச் சென்றார். சென்ற காரியம் கைகூடவில்லை. தனியே தங்கியிருந்த விடுதியில், மது அருந்தும் கூடத்தினின்று எழுந்த ஆரவாரம் அவரைக் கவர்ந்து இழுத்தது. மற்றொரு குடியனோடு பேசினால் அன்றித் தாம் பிழைப்பது அரிது என்று உணர்ந்த அவர், அவ்வூர்க் குருமாரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அவ்வாறு 1935-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் பாப் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியரைச் சந்திக்கலானார். கால் மணி நேரமே இருப்பதாகச் சொல்லி வந்த வைத்தியர், இரவு பதினொரு மணி கடந்தும் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்கு அறிவுரை கூறினார் பலர். பில்லோ அறிவுரை கூறாது, தம் வீழ்ச்சியையே எடுத்துரைத்தார். ஜூன் 10-ஆம் நாளுக்குப் பின் வைத்தியர் மதுவைத் தொட்டிலர். அந்நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அஃதாவது பெயர் கூறாக் குடிநோயாளர் சங்கம், தோன்றிய நாளாகக் கொண்டாடப்படுகின்றது. இதனைச் சுருக்கமாக ஏ.ஏ. என்பர். 1939-ஆம் ஆண்டில் இச்சங்கத்தின் மூல நூலும், அதனுள் மீட்சிக்குரிய பன்னிரண்டு படிகளும் வெளிவந்தன.

ஆக்ஸ்போர்டுக் குழு என்னும் கிறிஸ்தவ இயக்கத்தின் பழக்கங்கள் சில இதற்கு வித்தாயின எனினும், சங்கம் எச்சமயத்தையும் சார்ந்ததன்று. தம்மினும் மேலான ஓர் ஆற்றலை நம்புக என்று அது கூறும். அதனை இன்னதென்று வரையறுப்பதை அவரவர்க்கே விட்டுவிடும். தாணுமாலயனை வணங்குவோரும், தேவாலயத்திற்கும் பள்ளிவாசலுக்கும் செல்வோரும், எக்கடவுளையும் ஏற்காதோரும் ஒரே பெஞ்சில் அமர இயல்வது இதனாலன்றோ!

நம் நாட்டில் இச்சங்கம் 1957-ஆம் ஆண்டில் பம்பாயில் வேரூன்றியது. தமிழகத்திலோ, மருத்துவத் துறையினின்று இதற்குத் துணையாய் எழுந்தது சென்னையிலுள்ள டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம். தம் கணவரைக் குடிநோய்க்கு 1979-ஆம் ஆண்டில் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அத்துயரைத் தம்மளவிற் புதைத்துவிடாது, 1980-ஆம் ஆண்டில் கணவர் பெயராலேயே அதனை நிறுவினார். செல்வக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், 'என் கணவர் குடியால் மாண்டார்' என்று நாடறிய ஒப்புக்கொண்டது அக்காலத்தில் அரிய செயல். 1992-ஆம் ஆண்டில் அரசினர் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தனர்.

கூட்டம் எங்கே நடைபெறுகின்றது என்பதனை அறிவது எவ்வாறு? வழிகள் பல. ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்குச் சென்று வினவுதல் ஒன்று. சுசீந்திரத்தார்க்கு அது தொலைவன்று; முன்னர்க் கூறிய வைத்திய உதவியையும் அங்கேயே பெறலாம். போதைப்பழக்கத்தினின்று மீள்வார்க்கென மத்திய அரசினர் நடத்தும் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்தல் மற்றொன்று. மனத்துயரம் மிக்கோர் 14416 என்னும் எண்ணையும் அழைக்கலாம். அங்குத் தமிழிலேயே பேசலாம். சங்கத்தின் இந்தியக் கிளையார் கூட்டங்களின் இடமும் நேரமும் குறித்த பட்டியலை இணையத்தில் வைத்துள்ளனர். கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளியறைகளிலும் தேவாலயக் கூடங்களிலும் மாலை வேளையில் நிகழ்வனவாதலின், குருமாரையும் வினவலாம். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றிற்குப் பின் கைப்பேசி வாயிலாகவே கூடும் கூட்டங்களும் பெருகியுள்ளன. உள்ளூரிற் கூச்சமுடையோர் அவற்றில் தொடங்குதல் எளிது.

கூட்டங்கள் இருவகைப்படும். குடிநோயாளர் மட்டுமே புகத்தக்கது ஒன்று. உறவினர், மாணவர், வைத்தியர் முதலிய எவரும் புகத்தக்கது மற்றொன்று. யாம் எம் நண்பருடன் சென்றது பின்னதற்கு. தனியே செல்ல அஞ்சுவோர் இவ்வகைக் கூட்டத்திற்குத் துணையோடு செல்க. சேர்தற்குரிய தகுதி ஒன்றே: குடியை விடவேண்டும் என்னும் விருப்பம். கட்டணமில்லை, கையெழுத்தில்லை, வருகைப் பதிவில்லை. சாதி, வேலை, வருவாய் ஒன்றையும் எவரும் வினவுவதில்லை. செலவிற்கென ஒரு பை சுற்றி வரும். அதில் அங்கத்தினர் இயன்றதை இடுவர். வெளியார் பொருளைச் சங்கம் ஏற்பதில்லை.

அன்று யாம் கண்ட கூடம் சிறிய வகுப்பறை. பதினைந்து பேர் வரை இருந்தனர். முதலில் சிறிது நேரம் மௌனம் காத்தனர். பின்னர் மன அமைதியை வேண்டும் ஒரு சிறு பிரார்த்தனையைச் சொல்லினர். அது ரைனோல்டு நீபர் என்னும் அமெரிக்க இறையியலறிஞர் இயற்றியதாகக் கூறப்படுவது. சங்கத்தின் நோக்கமும் பன்னிரண்டு படிகளும் தமிழில் வாசிக்கப்பட்டன. பிறகு ஒவ்வொருவராய் எழுந்து, 'என் பெயர் இன்னது. நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தத்தம் வரலாற்றைக் கூறினர். ஒருவர் பேசுங்கால் மற்றொருவர் குறுக்கிடுவதில்லை, திருத்துவதில்லை, தீர்ப்புக் கூறுவதும் இல்லை. பேச விரும்பாதார் வாளா இருக்கலாம். எம் நண்பர் அன்று ஒரு சொல்லும் சொன்னாரல்லர். ஒருவர் குடியாமல் ஓராண்டு நிறைந்தமைக்காக ஒரு சிறு பதக்கம் பெற்றார். அவர் மகள் அதனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தேநீருடன் கூட்டம் முடிந்தது.

சைக்கிளுக்குரிய பெரியவர் எங்கே என்று கேட்பீர்கள். அவர் முதல் வரிசையில் இருந்தார். எம் நண்பரைக் கண்டதும் வியப்புறாது, பக்கத்து நாற்காலியைத் தட்டி, 'வா தம்பி, இரி' என்றார். அன்று மூன்றாவதாக எழுந்து பேசியவரும் அவரே. பதினோர் ஆண்டுகளாகக் குடியாதிருக்கும் அவரும், முதன்முறை வந்தபோது தெருவிளக்கு அணையும்வரை சுவரோரத்தில் மறைந்து நின்றாராம். எந்தக் கண்ணுக்கு எம் நண்பர் ஓராண்டு அஞ்சினாரோ, அந்தக் கண் அவருக்காகவே காத்திருந்தது!

இம்முறை பயன்படுவது எதனால்? திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் இதன் நுட்பத்தைக் குறித்துள்ளார் என்பது எம் எண்ணம். குடித்தவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முயலுதல் வீண் என்று ஒரு குறளிலும், தான் குடியாத வேளையிற் குடித்த பிறனைக் காண்பவன் தன் நிலையை நினையானோ என்று அதனையடுத்த குறளிலும் அவர் கூறும் கருத்தை ஒப்பு நோக்குக. அறிவுரை செல்லாத இடத்தே பிறனாகிய கண்ணாடி செல்லும். அவையில் ஒருவன் தன் கதையைக் கூற, கேட்பவன் அதனுள் தன்னைக் காண்கின்றான். குடியாதிருப்பவனையும் அங்கேயே காண்பதால், மீட்சி கூடும் என்னும் நம்பிக்கையையும் பெறுகின்றான். கைமுக்கில் ஒருவன் கையை ஊரார் நின்று நோக்குவர். இவ்வவையில் எல்லாருடைய கையும் வெந்த கையே.

ஆராய்ச்சியும் இதற்குச் சான்று பகர்கின்றது. காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழுவினர் 2020-ஆம் ஆண்டில், 10,565 பேரை உட்கொண்ட 27 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கினர். தொடர்ந்து குடியாதிருத்தலில், இச்சங்கத்தில் ஈடுபடச் செய்யும் முறைப்படுத்தப்பட்ட சிகிச்சை, பிற உளச் சிகிச்சைகளினும் மேம்பட்ட பயன் தருவதென அவர்கள் முடிவு கண்டனர். ஆயினும் இஃது ஒன்றே வழியென்று யாம் கூறோம். சிலருக்கு மருந்தும், சிலருக்குத் தனித்த ஆலோசனையும் ஏற்புடையன. ஒரு கூட்டம் மனத்திற்குப் பொருந்தாதாயின் வேறொரு கூட்டத்திற்குச் செல்லலாம். ஒருமுறை கண்டு முடிவு செய்யாது பலமுறை சென்று பார்த்தல் நலம். இடையே வழுக்கி வீழ்ந்தவனையும் சங்கம் தள்ளுவதில்லை. ஆயுள் முழுதும் குடியேன் என்று சூளுரைக்கும்படி கேளாது, இன்று ஒருநாள் குடியாதிரு என்றே அது சொல்லும். தன்னினும் மூத்த அங்கத்தினர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, ஆசை எழும் வேளையில் அவரை அழைத்துப் பேசுதலும் அங்குள்ள நல்வழக்கம்.

குடும்பத்தார்க்கும் ஒரு சொல். குடிநோயாளரின் மனைவி மக்களுக்கென ஆல்-அனான் என்னும் தனிச் சங்கம் 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பில் வில்சனின் மனைவியார் லோயிஸ் அதனை நிறுவியவருள் ஒருவர். கணவன் திருந்தும்வரை மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. அவள் தன் ஆறுதலை முன்னரே தேடிக்கொள்ளலாம். மற்றொன்று: கணவனுக்குத் தெரியாமல் குழம்பிலும் காப்பியிலும் குடி நிறுத்தும் மருந்தைக் கலந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. டைசல்பிராம் முதலிய மருந்தை உண்டவன் அறியாது மது அருந்துவானாயின், இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். வைத்தியர் மேற்பார்வையும் நோயாளியின் சம்மதமும் இன்றி அதனை ஒருபோதும் கொடுத்தலாகாது.

நம் நாட்டில் மதுவை எதிர்த்து உழைத்தோர் பலர். சுசீந்திரத்திற்கு அண்மையிலுள்ள மருத்துவாழ் மலையில் தவமிருந்த நாராயண குரு, மதுவை ஆக்கலும் கொடுத்தலும் குடித்தலும் கூடா என்று தம் மக்களுக்கு அறிவுறுத்தினார். நாகர்கோவில் தந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949-ஆம் ஆண்டில் 'நல்லதம்பி' என்னும் படத்தின் வாயிலாக மதுவிலக்கைப் பரப்பினார். சட்டமோ பலமுறை மாறியது: 1937-ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1971-ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டது, 2003-ஆம் ஆண்டு முதல் அரசினரே சில்லறைக் கடை நடத்துகின்றனர். கடை திறந்திருப்பினும் மூடியிருப்பினும், ஏற்கெனவே நோயுற்றவனுக்கு வேண்டுவது ஒரு மனிதனின் துணை.

மாணவ நண்பர்காள்! உங்களுள் சிலர் இல்லத்தில் இந்நோயின் துயரை அறிந்தே இருப்பீர்கள். சிலர் விடுதி நண்பரிடத்து அதன் தொடக்கத்தையும் கண்டிருப்பீர்கள். ஏளனம் செய்யாதீர்கள், பிரசங்கமும் செய்யாதீர்கள். அவர் தெளிந்திருக்கும் ஒரு வேளை பார்த்து, 'நான் உடன் வருகின்றேன், போவோமா?' என்று கேளுங்கள். எம் நண்பர் குடியாது இருக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அவர் சைக்கிளும் அவ்வாயிலில் நிற்கின்றது. அதனை அவர் விளக்கொளியிலேயே நிறுத்துகின்றார். சுவரோரத்தில் யாரேனும் மறைந்து நிற்பாராயின் கண்டுகொள்ளட்டும் என்பது அவர் கருத்து.